ஓடும்போதே ஆஃப் ஆன ஈகோவும் 890 ரூபாய் ஓபிடி ஸ்கேனரும்

எங்கள் மாருதி ஈகோ 2013 மாடல், பெட்ரோல், ஏசி உள்ள ஐந்து சீட் வண்டி. பின் சீட்டைக் கழற்றி வீட்டு மாடியில் போட்டுவிட்டு, தினமும் காலையில் தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் பக்கம் டிபன் சப்ளைக்கு அதில்தான் போகிறோம். இட்லி டப்பா, சாம்பார் கேன், சட்னி வாளி எல்லாம் பின்னால் இருக்கும். பல்லாவரம் சிக்னலில் வண்டி ஆஃப் ஆகி, பின்னால் நிற்கிற மாநகரப் பேருந்து ஹார்னை அமுக்கியபடியே இருக்க, சாவியைத் திருப்பித் திருப்பிக் கை வலிக்கிற நிலை ஒரு மாதத்தில் நாலு தடவை வந்தது. அதற்காக வாங்கியதுதான் இந்த ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர், வண்டியின் கம்ப்யூட்டரில் உள்ள கோளாறுத் தகவலைப் போனில் காட்டுகிற சின்னக் கருவி. ஆறு மாதம் வைத்திருந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இதைப் பற்றித் தமிழில் தேடினால் கிடைப்பதெல்லாம் டப்பாவைப் பிரித்துக் காட்டுகிற வீடியோதான், அதை வைத்து ஒரு கோளாறைக் கடைசிவரை துரத்திப் பிடித்தவர் யாரும் எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில் எந்த ஸ்கேனர் என்பதைச் சொல்லிவிடுகிறேன், நான் ஏமாந்த இடம் அதுதான். கடையில், ஆன்லைனில் எல்லாவற்றிலும் ஈஎல்எம்327 என்றே எழுதியிருக்கும். அது கனடாவிலிருந்த ஒரு சின்ன கம்பெனி வடிவமைத்த சிப்பின் பெயர். அந்தக் கம்பெனி 2022இல் மூடியே போய்விட்டது. முதல் பதிப்பின் ப்ரோக்ராமைக் காப்பி எடுக்க முடியாதபடி அவர்கள் பூட்டி வைக்காததால் ஊரெல்லாம் நகல் வந்துவிட்டது, நம் கைக்கு வருவது அநேகமாக நகல்தான். நகலிலும் நல்லது கெட்டது உண்டு. நான் முதலில் வாங்கியது 349 ரூபாய், மேலே வி2.1 என்று போட்டிருந்தது. புது வெர்ஷன் நல்லதாக இருக்கும் என்று நினைத்து வாங்கினேன். போனோடு ப்ளூடூத்தில் இணைந்தது, வண்டியோடு கடைசிவரை பேசவே இல்லை. இந்த வயதுக்கார வண்டிகளில் நிறைய கே-லைன் என்கிற பழைய ஒற்றைக் கம்பி முறையில் பேசக்கூடியவை. மலிவான 2.1 நகல்கள் பலவற்றில் அந்தப் பழைய முறைகளையே எடுத்துவிட்டிருக்கிறார்கள். புதிய கார்களில் வேலை செய்யும், நம்முடையதில் செய்யாது.

இரண்டாவதாக 890 ரூபாய்க்கு வாங்கியது வி1.5. வேடிக்கை என்னவென்றால் அசல் கம்பெனி 1.5 என்று ஒரு பதிப்பையே வெளியிட்டதில்லை, ஆனால் அந்தப் பெயரில் வருகிற நகல்தான் பழைய வண்டிகளுக்குப் பொருந்துகிறது. உள்ளே பிக்18எஃப்25கே80 சிப் இருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் சாதாரண ப்ளூடூத் மாடலை வாங்கினால் இணையாது, வைஃபை அல்லது ப்ளூடூத் 4.0 உள்ளதாகப் பார்க்க வேண்டும். இணைக்கும்போது கேட்கிற பின் நம்பர் 1234, இல்லையென்றால் 0000.

வண்டியில் இதைச் செருகுகிற 16 பின் சாக்கெட் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும். இந்தியாவில் 2010 ஏப்ரலில் பிஎஸ்4 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த ஊர்களில் முதல் கட்ட ஓபிடியும், 2013 ஏப்ரலிலிருந்து இரண்டாம் கட்டமும் கட்டாயமாயின. அதனால் 2013க்குப் பிந்தைய பிஎஸ்4 வண்டி என்றால் தைரியமாக வாங்கலாம். அதற்கு முன்னால் உள்ளது என்றால் அதே மாடல் வண்டி வைத்திருப்பவர் யாரிடமாவது இரவல் வாங்கிச் செருகிப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

சரி, இப்போது கோளாறுக்கு வருவோம். எங்கள் வண்டி இரண்டு விதமாக ஆஃப் ஆனது. இரண்டும் ஒரே நோய் என்று நினைத்ததால்தான் இவ்வளவு நாள் இழுத்தது. ஒன்று, சிக்னலில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து கிளச்சை மிதித்ததும் தொய்ந்துபோய் ஒரு உதறல் உதறி நிற்பது. ஏசி ஓடினால் நிச்சயம் நிற்கும். நின்றாலும் உடனே ஸ்டார்ட் ஆகிவிடும். இன்னொன்று, முக்கால் மணி நேரம் ஓடிச் சூடான பிறகு, நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே ஸ்விட்சை அணைத்த மாதிரி நிற்பது. இதில் பத்து நிமிஷம் காத்திருந்தால்தான் ஸ்டார்ட் ஆகும். செக் இன்ஜின் விளக்கு இரண்டிலும் எரியவில்லை.

முதலில் போன பட்டறையில் ப்ளக் நாலையும் மாற்றினார்கள், ஏர் ஃபில்டர் மாற்றினார்கள், பில் 1,900. இரண்டு நாளில் திரும்பப் போனால், “ஓடிட்டே இருக்கும்போது நிக்குதுன்னா ஃப்யூயல் பம்புதான் சார், மாத்திடலாம், ஆறாயிரத்து ஐநூறு ஆகும்” என்றார்கள். ப்ரஷர் பார்த்தீர்களா என்று கேட்டேன். “பாக்கவே வேணாம் சார், இது பம்புதான்.” அந்தப் ‘பார்க்கவே வேண்டாம்’ என்கிற வார்த்தைதான் என்னை ஸ்கேனர் பக்கம் தள்ளியது.

செருகியதும் முதலில் வண்டி தானே பதிந்து வைக்கிற கோளாறு கோட் இருக்கிறதா என்று பார்த்தேன். ஒன்றுமில்லை. இன்னும் உறுதியாகாத பென்டிங் கோடும் இல்லை. 890 ரூபாய் போச்சு என்றுதான் தோன்றியது. வாங்குகிற நிறையப் பேர் இந்த இடத்திலேயே மூடி வைத்துவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். இந்தக் கருவியின் உண்மையான பயன் கோடில் இல்லை, லைவ் டேட்டாவில் இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது அதை நடத்துகிற கம்ப்யூட்டரான இசியு என்னென்ன பார்க்கிறது என்பதை எண்ணாகவே காட்டும். எங்கள் ஈகோவின் டேஷ்போர்டில், இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டுகிற ஆர்பிஎம் மீட்டரே கிடையாது. அந்த ஒரு எண் கண்ணுக்குத் தெரிந்ததே பெரிய விஷயம்.

இன்ஜின் சூடானதும் ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் சும்மா ஓட விட்டுப் பார்த்தேன். 780, 640, 820, 590 என்று ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது, ஒரு இடத்தில் நிற்கவே இல்லை. ஏசி போட்டதும் 480க்குச் சரிந்து, உதறி, நின்றது. அதே நேரத்தில் ஃப்யூயல் ட்ரிம் என்கிற எண்ணையும் பார்த்தேன். சைலன்சர் வழியில் இருக்கிற ஆக்சிஜன் சென்சார் சொல்வதை வைத்து இசியு பெட்ரோலைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்பதைச் சதவீதத்தில் காட்டுவது அது. பூஜ்யத்துக்கு அக்கம்பக்கம், மேலும் கீழும் ஐந்து, போனால் பத்துக்குள் இருந்தால் வண்டிக்குப் பெட்ரோல் சரியாகக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஐடிலில் ப்ளஸ் இருபது காட்டி, ஆர்பிஎம் ஏற்றினால் இறங்கிவிட்டால் எங்கோ வேக்யூம் ஹோஸ் விரிசலில் காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது. மாறாக ஐடிலில் நன்றாக இருந்து, மேட்டில் லோடு இழுக்கும்போது ப்ளஸ்ஸில் ஏறிக்கொண்டே போனால் பம்பையோ ஃபில்டரையோ சந்தேகப்படலாம். எங்களுக்கு இரண்டு நிலையிலும் ப்ளஸ் 3, ப்ளஸ் 4. பல்லாவரம் மேம்பாலத்தில் முழு லோடோடு ஏறும்போதும் அதேதான்.

பெட்ரோலில் குறையில்லை, ஐடில் மட்டும் ஆடுகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது இன்ஜினுக்குள் போகிற காற்றைக் கூட்டிக் குறைக்கிற த்ராட்டில் பாடி. ஈகோவில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருப்பதால் சீட்டைத் தூக்கிவிட்டால் கிட்டத்தட்ட எல்லாம் கைக்கு எட்டும், இதற்காகவே இந்த வண்டியைத் திட்ட மனசு வருவதில்லை. காற்றுக் குழாயைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தால் அந்தப் பித்தளைத் தகடு மூடுகிற விளிம்பில் சுற்றிலும் கரி, அடுப்புக்கரி பூசிய தோசைக்கல் மாதிரி. கால் எடுத்ததும் தகடு மூடிக்கொள்ளும், அப்போது இன்ஜினுக்குத் தேவையான கொஞ்சக் காற்றைப் பக்கவாட்டில் ஒரு சின்ன வால்வு திறந்து விடும். அந்த ஐடில் வால்வின் முனையும் கரி பிடித்துக் கிடந்தது. ஏசி கம்ப்ரஸர் லோடு வரும்போது அது சட்டென்று திறக்க வேண்டும், திறக்க முடியாமல் திணறியிருக்கிறது. த்ராட்டில் பாடி க்ளீனர் 280 ரூபாய், பழைய டூத் பிரஷ் ஒன்று, வேட்டித் துணி. ஒரு மணி நேர வேலை. வால்வின் ஊசி முனையைக் கையால் அழுத்தவோ இழுக்கவோ கூடாது, உள்ளே இருக்கிற பல் போய்விடும். ஸ்ப்ரே அடித்துத் துடைத்து விட்டால் போதும். இன்ஜின் சூடாக இருக்கும்போது இதைச் செய்யவே கூடாது, அந்த ஸ்ப்ரே தீப்பிடிக்கக்கூடியது.

மாட்டி, பேட்டரி நெகடிவைக் கழற்றிப் பத்து நிமிஷம் விட்டு, திரும்ப ஸ்டார்ட் செய்து ஐடிலில் ஓட விட்டேன். முதலில் கொஞ்சம் தடுமாறியது. அப்புறம் 760, 770, 760. ஏசி போட்டால் ஒரு கணம் இறங்கி 850க்கு ஏறி நின்றது. ப்ளக்குக்குக் கொடுத்த காசு வீண் என்பது அப்போது புரிந்தது, கழற்றிய பழைய ப்ளக்குகள் நாலும் நல்ல பழுப்பு நிறத்தில்தான் இருந்தன.

சிக்னல் பிரச்சினை அன்றோடு போனது. வெற்றி என்று வீட்டில் சொல்லிவிட்டு மூன்றாம் நாள் திண்டிவனம் கிளம்பினோம். சிங்கப்பெருமாள் கோவில் தாண்டியதும் நின்றது.

இந்த இரண்டாவது கோளாறில்தான் ஸ்கேனர் தன் விலையைத் திருப்பிக் கொடுத்தது. இனி எப்போது நிற்கும் என்று தெரியாததால் போனில் ரெக்கார்ட் போட்டுவிட்டே ஓட்ட ஆரம்பித்தேன். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள், கே-லைன் மெதுவானது. பத்துப் பன்னிரண்டு எண்களைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொன்றும் சில நொடிக்கு ஒருமுறைதான் மாறும், நடுவில் நடப்பது பதிவாகாது. இரண்டே இரண்டு போதும் என்று ஆர்பிஎம், வேகம் இரண்டை மட்டும் வைத்தேன். வியாழக்கிழமை வண்டலூர் பக்கம் நாலாவது கியரில் போகும்போது மறுபடி நின்றது. ஓரம் கட்டி, ஹசார்டு போட்டு, பதிவைத் திறந்து பார்த்தேன். ஆர்பிஎம் 2,110, 2,118, 2,104, அடுத்தது 0. அந்த 0க்குப் பக்கத்தில் வேகம் 54 கிலோமீட்டர்.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கிளச்சை மிதிக்கவில்லை, கியர் விழுந்திருக்கிறது, சக்கரம் 54இல் உருள்கிறது. அப்படியானால் பெட்ரோலே வராவிட்டாலும், ஸ்பார்க்கே இல்லாவிட்டாலும், சக்கரம் இன்ஜினை இழுத்துச் சுற்றிக்கொண்டுதானே இருக்கும்? ஆர்பிஎம் வேகத்தோடு சேர்ந்து படிப்படியாகத்தான் இறங்க முடியும், 54இல் பூஜ்யம் என்பது நடக்கவே முடியாது. இன்ஜின் சுற்றுகிறது, சுற்றுவது இசியுவுக்குத் தெரியவில்லை. தெரியாததால் பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் அதுவே நிறுத்திவிட்டது. பம்ப் போயிருந்தால் இந்தப் பதிவு வேறு மாதிரி இருந்திருக்கும்.

சுற்றுவதைச் சொல்கிற வேலை க்ராங்க் சென்சாருடையது. உறுதி செய்ய, நின்ற இடத்திலேயே ஸ்டார்ட்டரை அடித்துக்கொண்டு திரையைப் பார்த்தேன். மோட்டார் உர்உர்ரென்று சுற்றுகிறது, ஆர்பிஎம் 0 என்றே நின்றது. பதினைந்து நிமிஷம் கழித்து அடித்தால் 230, 240 என்று காட்டி உடனே ஸ்டார்ட் ஆனது. இந்தச் சோதனையில் ஒரு சிக்கல் உண்டு. பேட்டரி பலவீனமாக இருந்தால் ஸ்டார்ட்டர் அடிக்கும்போது வோல்ட் விழுந்து ஸ்கேனரே அணைந்துவிடும், அதையும் பூஜ்யம் என்று நினைத்து ஏமாறலாம். வோல்ட் எண்ணும் கூடவே திரையில் ஓடிக்கொண்டிருந்தால் இணைப்பு அறுந்ததா இல்லையா என்பது தெரியும். நான் இரண்டு மூன்று தடவை நீளமாக அடித்ததில் கடைசியில் பி0335 என்கிற கோடும் விழுந்தது, அது க்ராங்க் சென்சார் சர்க்யூட்டுக்கு உரியது.

இங்கே நான் செய்த தப்பு. கோடில் சென்சார் என்று வந்ததும் மறுநாளே உதிரிபாகக் கடைகள் உள்ள ஜி.பி. ரோட்டுக்கு ஓடி 1,150 ரூபாய்க்கு ஒரிஜினல் சென்சார் வாங்கி மாட்டினேன். நாலு நாள் நன்றாக ஓடியது. ஐந்தாவது நாள் குரோம்பேட்டையில், சாம்பார் கேன் பின்னால் இருக்க, நின்றது.

கோடின் பெயரைத் திரும்பப் படித்தால் அதில் ‘சர்க்யூட்’ என்று இருக்கிறது. சென்சார், அதன் சாக்கெட், அங்கிருந்து இசியு வரை போகிற ஒயர், எல்லாம் சேர்ந்ததுதான் சர்க்யூட். சிக்னல் வரவில்லை என்பது மட்டும்தான் ஸ்கேனருக்குத் தெரியும், எந்த இடத்தில் அறுந்தது என்பது அதற்குத் தெரியாது. அது எலக்ட்ரீஷியன் வேலை. சேலையூர் பக்கம் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் போனில் பதிவைக் காட்டினேன். மற்றவர்கள் மாதிரி போனைத் திருப்பிக் கொடுக்காமல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “புது சென்சார் போட்டும் நிக்குதா? அப்ப கம்பியைத்தான் பாக்கணும், ஸ்டார்ட் பண்ணுங்க தம்பி” என்று சொல்லி, சீட்டைத் தூக்கி, இன்ஜின் ஐடிலில் ஓடும்போதே ஒயர் கட்டை ஒவ்வொரு இடமாகப் பிடித்து மெதுவாக ஆட்டிக்கொண்டே போனார். சென்சார் சாக்கெட்டுக்கு இரண்டு விரல்கடை முன்னால் தொட்டதும் வண்டி நின்றது. மறுபடி ஸ்டார்ட், மறுபடி தொட்டார், மறுபடி நின்றது.

சாக்கெட்டைப் பிடித்து வைக்கிற பிளாஸ்டிக் நாக்கு வெயிலும் இன்ஜின் சூடும் பட்டுப் பொரிந்து உடைந்திருந்தது. முன்பு யாரோ அதைப் பார்த்துவிட்டு டேக் என்கிற பிளாஸ்டிக் பட்டை போட்டுக் கட்டியிருக்கிறார்கள், அந்த டேக்கும் தளர்ந்து கிடந்தது. உள்ளே ஒரு பெண் பின் வாய் விரிந்துபோய், சூடானதும் தொடுப்பு விட்டுவிடுகிறது. நான் சென்சார் மாற்றும்போது சாக்கெட்டைக் கழற்றி மாட்டியதில் நாலு நாளைக்குச் சரியாகத் தொட்டிருக்கிறது, அவ்வளவுதான். நானே என் கையால் கழற்றி மாட்டியும் அந்த நாக்கு இல்லாததைக் கவனிக்கவில்லை. புதுப்பேட்டையிலிருந்து வரவழைத்த ஒயரோடு கூடிய பழைய சாக்கெட் 120 ரூபாய், சால்டர் அடித்து ஸ்லீவ் போட்ட கூலி 400. அதோடு முடிந்தது. ஐந்து மாதமாக ஒரு தடவைகூட நிற்கவில்லை.

கருவியின் குறைகளையும் சொல்ல வேண்டும். மேனுவல் என்று உள்ளே இருப்பது ஒரு துண்டுச் சீட்டு, அதில் உள்ளதும் தப்பு. ஆப் தனியாகப் போட வேண்டும், இலவச ஆப்பில் விளம்பரம் கண்ணை மறைக்கும், எல்லாம் ஆங்கிலத்தில்தான். போன் அழைப்பு வந்தால் பதிவு நின்றுவிடுகிறது, வண்டலூர் பதிவு கிடைத்தது அன்று யாரும் கூப்பிடாததால்தான். வோல்ட் எண் என் மல்டிமீட்டரை விட 0.3 குறைவாகவே காட்டுகிறது. ஸ்கேனரைச் செருகுகிற சாக்கெட்டில் பேட்டரி கரண்ட் சாவி இல்லாவிட்டாலும் எப்போதும் இருக்கும், அதனால் செருகியபடியே விட்டுவிட்டு ஊருக்குப் போனால் திரும்பி வரும்போது பேட்டரி இறங்கியிருக்கும். எனக்கு நடந்தது, தள்ளித்தான் ஸ்டார்ட் செய்தோம். ஏர்பேக், ஏபிஎஸ் பக்கமெல்லாம் இதனால் எட்டிப் பார்க்க முடியாது. பெட்ரோல் ப்ரஷரையும் காட்டாது, அதற்குக் கேஜ்தான் வேண்டும்.

இன்னொன்று, ஆப்பில் ‘க்ளியர்’ பட்டன் பெரிதாக இருக்கும், அமுக்கிப் பார்க்கலாமா என்று கை ஊறும். கோடை எழுதி வைக்காமல் அமுக்காதீர்கள். கோடோடு சேர்த்து, அது விழுந்த நொடியில் வேகம் என்ன, சூடு என்ன என்று இசியு சேர்த்து வைத்திருந்த தகவலும், பழகி வைத்திருந்த ஃப்யூயல் ட்ரிம்மும் போய்விடும். மெக்கானிக்கிடம் போகும்போது காட்ட ஒன்றும் இருக்காது.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். 349 ரூபாய் மாடலுக்கு ஒன்றுகூட இல்லை, அதைத் திருப்பி அனுப்பிப் பணம் வாங்க மூன்று வாரம் ஆனது. கழற்றிய பழைய க்ராங்க் சென்சார் நல்ல நிலையில் டேஷ்போர்டு டப்பாவில் கிடக்கிறது, யாருக்காவது வேண்டுமென்றால் தருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்து, தன் 98ஆம் வருஷத்து ஆம்னியும் நிற்கிறது, அந்த ஸ்கேனரைக் கொடு என்று வாங்கிக்கொண்டு போனார். கார்புரேட்டர் வண்டியில் அதைச் செருக இடமே கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. நேற்று ராத்திரி போன் செய்து, சாக்கெட் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.